முட்டையில்லாத காலையுணவும் புரதச்சத்தும்



காலையுணவிற் புரதச்சத்துப் போதிய அளவு இருத்தல் வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், நம்மிற் பலருடைய மனம் உடனே முட்டையை நாடிச் செல்கின்றது. அவித்த முட்டை, பொரித்த முட்டை, முட்டையப்பம் என அதற்குப் பல உருவங்கள் உண்டு. உண்பவர் தாராளமாக உண்ணட்டும். முட்டையின் தரத்தைக் குறைத்துப் பேசுவது இப்பேச்சின் நோக்கமன்று. ஆயினும் முட்டையைத் தொடாத இல்லங்கள் நம் நாட்டிற் பல உள. சைவ உணவையே கைக்கொள்ளும் குடும்பங்கள் ஒருபுறம். வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் மாத்திரம் மச்சம் நீக்கி உண்போர் மற்றொருபுறம். முட்டை உடலுக்கு ஒவ்வாமையால் அதனை விலக்கவேண்டிய பிள்ளைகளும் உளர். விலையும் ஒரு காரணமே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து முட்டை அரும்பொருளாகி, 2023 இல் அதனை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யவேண்டி நேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இவ்வில்லங்களில் வளரும் பிள்ளைகள் காலையிற் புரதத்தை எங்கிருந்து பெறுவது என்பதே இன்றைய வினா. இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நம் காலையுணவு குறைபட்டது முட்டை இல்லாமையால் அன்று. பயறும், பருப்பும், உழுந்தும், கடலையும் காலைத் தட்டிலிருந்து மெல்ல மெல்ல விலகிப்போனமையாலேயே குறைபட்டது என்பது என் கருத்து. அதனை எண்களைக் கொண்டே பார்ப்போம்.

புரதம் என நாம் தமிழில் வழங்கும் பொருளுக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள பெயர், 1838 இல் முல்டர் என்னும் ஒல்லாந்த இரசாயன அறிஞரின் எழுத்தில் முதன்முதலாக வெளிவந்தது. முதன்மையானது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டது அது. தசை, தோல், குருதி, நொதியங்கள் ஆகிய யாவும் புரதத்தால் ஆனவை. கொழுப்பை உடல் சேமித்து வைக்கும். மாப்பொருளையும் ஓரளவு சேமித்து வைக்கும். புரதத்திற்கோ அத்தகைய களஞ்சியம் உடலில் இல்லை. ஆகையால் நாள்தோறும் தேய்வதை நாள்தோறும் உணவால் ஈடுசெய்தல் வேண்டும். வளரும் பிள்ளைக்குத் தேய்வை ஈடுசெய்தால் மாத்திரம் போதாது. வளர்ச்சிக்கும் மிகுதி வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனமும் அதனோடிணைந்த அமைப்புகளும் 2007 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமானது. அறுபது கிலோகிராம் நிறையுள்ளவருக்கு இது 50 கிராம் ஆகும். ஏழெட்டு வயதுடைய, 22 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு ஏறத்தாழ 20 கிராம் தேவைப்படும். நடுத்தரமான ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். இந்த ஆறு என்ற எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் கணக்கு எளிதில் விளங்கும்.

பாடசாலைக்குப் புறப்படும் அப்பிள்ளை காலையில் அரிசிமாப் பிட்டும் சம்பலும் உண்டு, வெறுந்தேநீர் அருந்திச் செல்வதாகக் கொள்வோம். அறுபது கிராம் அரிசிமாவிற் புரதம் நான்கு கிராமளவே உண்டு. பிட்டிற் கலந்த தேங்காய்ப்பூவும் சம்பலும் சேர்ந்து ஒரு கிராமுக்கு மேல் தருவது அரிது. தேநீரில் ஒன்றுமில்லை. ஆக ஐந்து கிராம். வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் நாளின் தேவையிற் காற்பங்குதான் நிறைந்தது. அதே பிட்டுடன் முப்பது கிராம் மைசூர்ப் பருப்பை, அதாவது ஒரு சிறு கைப்பிடிப் பருப்பை, வெங்காயமும் பச்சைமிளகாயும் இட்டுக் கறியாக்கிக் கொடுத்தால் மேலும் ஏழு கிராம் சேரும். ஐந்து பன்னிரண்டாகிவிடும். பிள்ளையின் நாட்தேவையிற் பாதிக்கு மேல், மணி எட்டு அடிப்பதற்கு முன்னரே கிடைத்துவிடுகின்றது.

இவ்விடத்தில், முட்டைப் புரதமும் பருப்புப் புரதமும் ஒன்றாகுமோ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் மாலையாகக் கோக்கப்பட்டது. அவற்றுள் ஒன்பதை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். முட்டையில் இவ்வொன்பதும் உடலுக்கு ஏற்ற விகிதத்தில் உள்ளன. எளிதிற் சமிபாடும் அடைகின்றன. அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் நிறைய உண்டு. மெதியோனின் என்னும் வேறோர் அமிலமே அவற்றிற் குறைவு. அந்த மெதியோனின் தானியங்களிலும் எள்ளிலும் உண்டு. ஆகவே ஒன்றின் குறையை மற்றொன்று நிறைத்து, இரண்டும் சேர்ந்தவிடத்து முட்டைக்குப் பெரிதும் பின்னிடாத புரதம் கிடைக்கின்றது. சமிபாட்டிற் சிறிது குறைவிருப்பதால் பருப்பை ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறினாற் போதும்.

இரண்டையும் ஒரே வேளையில் உண்டாக வேண்டுமா என்பது நெடுநாள் நிலவிய ஐயம். பிரான்சிஸ் மூர் லாப்பே என்ற அமெரிக்க அம்மையார் 1971 இல் எழுதிய, பலரும் படித்த ஒரு நூலில் அவ்வாறே வற்புறுத்தினார். 1981 இல் வந்த திருத்திய பதிப்பில் அத்துணைக் கண்டிப்புத் தேவையில்லை என்று தாமே கூறிவிட்டார். ஒரு நாளுக்குள் இரண்டும் உடலைச் சேர்ந்தால் வளர்ந்தவர்களுக்குப் போதும். எனினும் நம் உணவு முறையில் அவை இயல்பாகவே ஒரே தட்டில் அமர்ந்திருக்கும்போது, பிரித்து வைப்பானேன்?

இனிச் சொதியைப் பற்றி ஒரு வார்த்தை. இடியப்பத்திற்குச் சொதியைப் போலத் துணையில்லை. அதன் மணத்தையும் சுவையையும் நானும் விரும்புபவனே. ஆனால் தேங்காய்ப்பால் என்ற பெயரைக் கேட்டு அதனைப் பசுப்பாலோடு ஒப்பிடும் பழக்கம் பல தாய்மாரிடம் உண்டு. தேங்காய்ப்பாலில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பே. நீர்விட்டுப் பிழிந்து, மேலும் நீர் சேர்த்துக் காய்ச்சிய சொதியிற் புரதம் மிகச் சொற்பம். "பிள்ளை சொதியோடு நன்றாய்ச் சாப்பிட்டான்" என்று மனநிறைவு கொள்வதற்கு முன், அதிற் பருப்பு எவ்வளவு விழுந்தது என்று பார்ப்பது நன்று. அவித்து மசித்த பயற்றம் பருப்பைச் சொதியிற் கலந்து காய்ச்சினால் நிறமும் கெடாது, சுவையும் கெடாது. இடியப்பத்தின் குறை அவ்வளவில் நீங்கும்.

தோசையின் கதை வேறு. அரிசியையும் உழுந்தையும் ஒன்றாய் அரைத்துப் புளிக்கவைக்கும் இம்முறையை வகுத்தவர் யாவரோ, அவர் அமினோ அமிலங்களைப் பற்றி அறிந்தவரல்லர்; ஆயினும் அறிந்தவர் செய்யக்கூடியதையே செய்திருக்கின்றார். நூறு கிராம் உழுந்தில் 24 கிராமளவு புரதம் உண்டு. அரிசியிற் சுமார் 7. மாவில் வளரும் நுண்ணங்கிகள் அதனைப் புளிக்கச் செய்யும்போது, இரும்பு, நாகம் முதலிய கனியுப்புகளைப் பிணித்து வைத்திருக்கும் பைற்றேற்று என்னும் பொருளின் ஒரு பகுதி சிதைந்து, அவை உடலிற் சேர்வது இலகுவாகின்றது.

ஆனால் எல்லாத் தோசையும் ஒரே தோசையன்று. யாழ்ப்பாணத்து வீடுகளிற் சுடும் தோசை, வெந்தயமும் மஞ்சளும் சேர்ந்து, தாளிதமும் இட்டு, உழுந்து மணக்கும் தடித்த தோசை. ஒரு பங்கு உழுந்துக்கு இரண்டு பங்கு அரிசி என்ற கணக்கில் அரைத்தால், அத்தகைய மூன்று தோசைகளிற் பத்துக் கிராமுக்குக் குறையாத புரதம் கிடைக்கும். உழுந்தின் விலை ஏறும்போதெல்லாம் முதலிற் குறைவது அந்த ஒரு பங்குதான். சில கடைகளில் உழுந்தை மிகக் குறைத்து, கோதுமை மாவை ஏற்றி, அப்பச்சோடா இட்டுப் பொங்கவைக்கின்றனர். பார்வைக்குத் தோசையாகவே இருக்கும். உண்மையில் அது மெல்லிய ரொட்டியே. அப்பச்சோடா உணவிலுள்ள உயிர்ச்சத்து பி ஒன்றை அழிக்கும் என்பதும் கவனிக்கத்தக்கது. கடலையை விரைவில் அவிப்பதற்காகச் சோடா சேர்ப்போருக்கும் இது பொருந்தும். கடலையை முன்னிரவே நீரில் ஊறவிட்டால் சோடாவின் உதவி வேண்டியதில்லை.

தோசையும் இடியப்பமும் உழைப்பை வேண்டுபவை. கந்தோருக்கும் பாடசாலைக்கும் விரைகின்ற காலையில் அவற்றிற்கு நேரமில்லை என்போர் பலர். அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அவித்த பயறு. ஊறவைக்காமலே விரைவில் அவியும் தானியம் அது. நூறு கிராம் உலர்ந்த பயற்றில் 24 கிராமளவு புரதம் இருப்பதால், முப்பது கிராம் பயறு ஒரு முட்டையை எட்டிவிடும். ஐம்பது கிராம் இரண்டு முட்டைகளை எட்டும். உப்பிட்டு அவித்து, தேங்காய்ப்பூத் தூவி, காரமான சம்பலோடு உண்பது ஒரு வகை. சர்க்கரையோடு உண்பது பிள்ளைகளுக்கு உவந்த வகை. நம் சிங்களச் சகோதரர் பயற்றைப் பாற்சோற்றிற் கலந்து முங் கிரிபத் என்று சமைப்பர். நம் பொங்கலிலும் வறுத்த பயற்றம் பருப்பு இடுகின்றோம் அல்லவா? பெயரும் இனிப்பும் வேறு. உள்ளே நிகழும் சேர்க்கை ஒன்றே. கௌபியும் கடலையும் இவ்வாறே பயன்படும். புரதம் கௌபியிற் பயற்றளவு. கடலையிற் சற்றே குறைவு. காலையில் இலைக்கஞ்சி அருந்துவோர், அரிசியோடு ஒரு பிடி பயற்றையும் சேர்த்துக் காய்ச்சலாம்.

முளைப்பயற்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. முளைத்ததும் புரதம் பன்மடங்காகப் பெருகும் என்று சிலர் நம்புகின்றனர். அஃது உண்மையன்று. பெருகுவது உயிர்ச்சத்து சீ, குறைவது பைற்றேற்று. இரண்டும் நல்லனவே. ஆனால் முளை நீரை நிறைய உறிஞ்சிக்கொள்வதால், நீண்டு வளர்ந்த நூறு கிராம் முளையில் மூன்று கிராமளவு புரதமே காணப்படும். ஆகவே முளைக்கவிடுமுன் உலர்ந்த பயற்றை அளந்துகொள்ளுங்கள். கிண்ணத்தில் உயர்ந்து நிற்கும் முளையைக் கண்டு கணக்கிடாதீர்கள்.

நம் வீடுகளிற் பெண்பிள்ளை பெரியவளானதும் உழுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டுக் கொடுப்பர். உழுத்தம்மாப் பிட்டும் அவிப்பர். வளர்ச்சிக் காலத்தில் உடலுக்குப் புரதமும் சக்தியும் மிகுதியாய் வேண்டும் என்ற அனுபவ அறிவு அது. இதிலே எனக்கொரு மனக்குறை உண்டு. சடங்கு முடிந்ததும் களியும் முடிந்துவிடுகின்றது; அதன் பின்னர் அதே பிள்ளை வெறுந்தேநீரும் இரண்டு விசுக்கோத்தும் உண்டு பாடசாலை செல்கின்றாள். வாரம் ஒருமுறையேனும் உழுத்தம்மா அவளுடைய காலைத் தட்டுக்குத் திரும்பிவருவதில் என்ன தடை?

கச்சானை நாம் திருவிழாப் பண்டமாகவே கருதிவிட்டோம். வாதுமைப் பருப்பை விலைகொடுத்து வாங்கும் வீடுகளிலும் கச்சானுக்கு மதிப்பில்லை. புரதத்தில் வாதுமையைவிடக் கச்சான் சிறிது உயர்ந்தது. நூறு கிராமில் 25 கிராமளவு. இருபத்தைந்து கிராம் கச்சானை வறுத்து அரைத்து, செத்தல்மிளகாயும் புளியும் கூட்டிச் சட்னியாக்கினால், பாணுக்கும் தோசைக்கும் ஒருங்கே உதவும். பூஞ்சணம் பிடித்த கச்சானை மாத்திரம் தயங்காது எறிந்துவிட வேண்டும். ஈரலுக்குத் தீங்கு செய்யும் நஞ்சு அதில் உண்டாகும். கச்சான் ஒவ்வாத பிள்ளைகளும் உளர் என்பதை நினைவில் வைத்துக்கொள்க.

பாண் என்ற சொல்லையே போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றோம். இன்று பாண் இல்லாத காலையை நகரத்தார் நினைக்கவும் மாட்டார். பாணோடு பருப்புக்கறி உண்பவர் நல்ல உணவே உண்கின்றார். பாணோடு மாஜரினும் சீனியும் உண்பவர் நிலை வேறு. மலைநாட்டுத் தோட்டங்களிற் கோதுமை மா ரொட்டியும் சம்பலுமே பல குடும்பங்களின் காலையுணவு. கோதுமை மாவில் நூற்றுக்குப் பத்துக் கிராம் புரதம் இருந்தாலும், லைசின் குறைவினால் அது முழுப்பயன் தருவதில்லை. 2016 இல் நாடு தழுவி நடத்தப்பெற்ற குடிசன, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் காணப்பட்டனர். தோட்டப்புறங்களிலோ அது 32 வீதமாக இருந்தது. இதற்குக் காலையுணவு ஒன்றையே காரணமாக்குவது தவறு. தாயின் போசாக்கு, குடிநீர், மலசலகூட வசதி, அடிக்கடி வரும் நோய், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூலியின் குறைவு ஆகிய பலவும் அதில் அடங்கும். ஆயினும் அந்த ரொட்டியோடு ஒரு கரண்டிப் பருப்பு சேர்வதும் சேராததும் பொருட்படுத்தத் தகாத வேற்றுமையன்று.

தானியமும் அவரையினமும் சேரவேண்டும் என்ற இக்கொள்கையை அரசாங்கமும் கைக்கொண்டிருக்கின்றது. 1973 இல் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷாத் திட்டத்தில் கர்ப்பவதிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்பெறும் மாவில் முதன்மையானவை சோளமும் சோயா அவரையுமே. சோயாவிற் பயற்றைவிட மிகுந்த புரதம் உண்டு. நூறு கிராமில் 36 கிராமுக்குக் குறையாது. ஆனால் பச்சையாகவோ அரைகுறையாகவோ அவித்த சோயா, புரதச் சமிபாட்டையே தடுக்கும். நன்றாய் அவித்தே உண்ணல் வேண்டும். சிவப்புப் போஞ்சி விதைக்கு இவ்விதி இன்னும் கண்டிப்பானது. அதனை ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புது நீரிற் குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடாவிட்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும்.

பால் உண்போருக்கு ஒரு குவளைப் பால், ஏறத்தாழ 200 மில்லிலீற்றர், ஒரு முட்டைக்கு ஈடு. தேநீரிற் கலந்த ஒரு தேக்கரண்டிப் பால்மா அவ்வாறன்று. அதில் ஒன்றரைக் கிராமளவே கிடைக்கும். ரின்பாலோ பாதிக்குக் கிட்டச் சீனி. மீன் உண்டு முட்டையை மாத்திரம் விலக்குவோர்க்கு, முன்னாள் மீன்குழம்போடு பிட்டு உண்ணும் யாழ்ப்பாண வழக்கத்தைவிடச் சிறந்த யோசனை என்னிடம் இல்லை.

தேநீர் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாது தேநீரிலுள்ள பொருள்கள் பிணித்துவிடும். காலையுணவோடு தேநீர் அருந்துவது நம் நாட்டின் பொது வழக்கம். அதனை உணவுக்கு ஒரு மணிநேரம் முன்னரோ பின்னரோ ஒதுக்கினால், குறிப்பாகப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பயன் உண்டு. சொதியிலும் சம்பலிலும் பிழியும் தேசிப்புளி இதற்கு எதிரான வேலையைச் செய்யும். இரும்பை உடலிற் சேர்க்கும்.

பயறும் கடலையும் வாய்வு என்று முதியோர் அஞ்சுவர். அச்சம் காரணமற்றதன்று. இவற்றிலுள்ள சிலவகைச் சீனிகளை நம் குடல் சமிக்கச் செய்யமாட்டாது. பெருங்குடலில் வாழும் நுண்ணங்கிகள் அவற்றை உண்டு வாயுவை உண்டாக்குகின்றன. ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுவதால் அச்சீனிகளில் ஒரு பகுதி நீங்கும். முதல் வாரம் ஒரு மேசைக்கரண்டி, பின்னர் இரண்டு என்று அளவை மெல்ல உயர்த்தினால் வயிறும் பழகிக்கொள்ளும். முதியோருக்கே இவ்வுணவு மிகவும் வேண்டியது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் கிலோகிராமுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் கொள்ளவேண்டும் என்று 2013 இல் நிபுணர் குழுவொன்று கருத்து வெளியிட்டது. கஞ்சியும் பாணும் மாத்திரம் உண்டு தசை மெலிந்து, இருக்கையை விட்டு எழவே தடுமாறும் பாட்டன்மாரையும் பாட்டிமாரையும் நாம் எங்கும் காண்கின்றோம். சிறுநீரக நோயுள்ளோர் மாத்திரம், புரதத்தைக் கூட்டுமுன் தம் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

காலையில் அடுப்பருகே நிற்க ஐந்து நிமிடம்கூட இல்லாதவருக்கு ஒரு மா முறை கூறுகின்றேன். குரக்கன் மா 500 கிராம், வறுத்து அரைத்த உழுத்தம்மா 200 கிராம், வறுத்து அரைத்த பயற்றம்மா 200 கிராம், வறுத்துப் பொடித்த எள்ளு 100 கிராம். இவற்றை ஒன்றாய்க் கலந்தால் ஒரு கிலோகிராம் வரும். இதில் ஐம்பது கிராமை நீரிற் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் ஏழு கிராமளவு புரதம் கிடைக்கும். பாலிற் காய்ச்சினால் அது இரட்டிக்கும். குரக்கனால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். எள்ளில் எண்ணெய் இருப்பதால் கலந்த மா நெடுநாள் வைத்திருக்கச் சிக்குவாடை வீசும். ஆகவே எள்ளை மாத்திரம் தனியே போத்தலில் இட்டு, வாரத்துக்கு வேண்டிய அளவு மாவோடு அவ்வப்போது கலந்துகொள்ளுங்கள். மாவை ஈரக்கரண்டி படாது, காற்றுப் புகாத தகரத்தில் மூடிவையுங்கள்.